புகையாய் விழுந்த கை

துந்துபி வருஷம், தை 3, செவ்வாய்

இந்த நோட்டை எங்கள் நாடகக் கம்பெனி வாத்தியார் கொடுத்தார். எந்தப் படுதா எங்கே கிழிந்தது, எந்தக் கயிறு நைந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். எழுதுகிறேன். தெருப் படுதாவின் அடிக்கட்டையில் கறையான். காட்டுப் படுதாவில் புலியின் வாலுக்கு மேலே ஒரு சாண் கிழிசல், தைக்க வேண்டும். தர்பார்ப் படுதா நன்றாக இருக்கிறது.

எழுதியாயிற்று. பக்கத்தில் இன்னும் நிறைய இடம் கிடக்கிறது. சும்மா விட மனம் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். எழுத்துக் கற்றது நாடக நோட்டீஸில். கம்பெனியில் படுதா இழுக்கச் சேர்ந்த புதிதில் சுவரில் பசை தடவி நோட்டீஸ் ஒட்டும் வேலையும் எனக்குத்தான். ஒரு தெரு முழுக்கத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் என்று வாத்தியார் பிரம்பை எடுத்த அன்றைக்குத்தான் எழுத்துக்குத் தலையும் காலும் உண்டு என்பதே தெரிந்தது. அதற்குப் பிறகும் பெரிய எழுத்து மட்டும்தான் படிக்க வரும். கீழே பொடியாக இருப்பதெல்லாம் வேறு ஏதோ என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் பெரிய எழுத்தோட குட்டிக, சோணையண்ணே" என்று நாயகி வேஷம் கட்டுகிற திரிபுரம்தான் சொன்னாள்.

குட்டி என்றதும் என் மாமா ஆண்டிச்சாமியின் எருமை ஞாபகம் வருகிறது. அது சினையாக இருந்தபோது கிணற்றில் விழுந்துவிட்டது. கிணறு என்றால் சாதாரணக் கிணறு இல்லை. வெட்டியவர் யார் என்றால், அது ஒரு தனிக் கதை. அவருக்கு இரண்டு பெண்சாதி.

பக்கம் முடிந்துவிட்டது. மாசி பதினாலில் எனக்கும் மாமா மகள் ராக்குவுக்கும் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பியாயிற்று.

தை 5, வியாழன்

மதுரையிலிருந்து படக்காரர் வந்திருக்கிறார். பெயர் ஞானப்பிரகாசம். மூன்று கால் வைத்த பெட்டி, கறுப்புத் துணி, கண்ணாடிப் பிளேட்டு என்று ஒரு மாட்டு வண்டி நிறையச் சாமான். மற்றக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் கொட்டகை வாசலில் போட்டோப் போர்டு வைத்துக் கூட்டம் சேர்க்கிறார்களாம். நாமும் வைக்க வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. மானாமதுரைக்கு வந்து பத்து நாளாயிற்று, கொட்டகையில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கிறது.

என்ன படம் எடுப்பது என்று பேச்சு வந்தது. எங்கள் நாடகம் ரத்னாங்கி கல்யாணம். விஜயகேது மகாராஜா கடைசியில் ரத்னாங்கிக்குத் தாலி கட்டுவார். அதைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மகாராஜா வேஷம் கட்டுகிற சிங்காரம் உடனே ஒதுங்கிக்கொண்டார்.

"எங்கண்ணன் படம் எடுத்து நாப்பது நாள்ல போயிட்டான். அந்தப் பெட்டி ஆயுச உறிஞ்சிரும். என்னால ஆகாது."

"யோவ், நீதான்யா ராஜபார்ட்டு. ஒன்னய விட்டுட்டு யாரு படத்தப் போடுறது?"

"கிரீடத்தப் போடுங்க. மீசையப் போடுங்க. ஊடால எவன் இருந்தா என்ன?"

வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார். சிங்காரம் உயரத்துக்கு அங்கே இருந்தது நான் மட்டும்தான். நான் ஏணியில் நின்று கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"டேய் சோணை, எறங்கு."

தை 6, வெள்ளி

இன்றைக்குப் படம் எடுத்தார்கள். வரிசையாக எழுத வேண்டும். குழப்பமாக இருக்கிறது.

கொட்டகைக்குள் வெளிச்சம் போதாது என்று படக்காரர் சொல்லிவிட்டார். அதனால் பின்பக்கம் ஆற்றைப் பார்த்த திட்டில் மூங்கில் நட்டு, தர்பார்ப் படுதாவைத் தொங்கவிட்டேன். வைகையில் தண்ணீர் இல்லை, காற்று மட்டும் இருந்தது. படுதாவில் எழுதியிருக்கும் தூண்கள் எல்லாம் வயிறு ஊதி ஊதி அடங்கின. அடியில் கல் வைத்து நிறுத்தினேன்.

அதற்குள் திரிபுரம் வந்துவிட்டாள். தலை முழுகியிருந்தாள். கம்பெனிச் சரிகைச் சேலையைக் கட்டாமல் தன்னுடைய அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். சரிகை வெயிலில் கூசுமாம். படக்காரரிடம், "அண்ணே, பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முந்தி முடிச்சுருங்க" என்றாள்.

"நான் வேதக்காரன்மா, மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு ராகு காலம் இல்ல."

"எனக்கு இருக்கு."

படத்துக்கும் ராகு காலம் பார்ப்பார்கள் போல.

எனக்குக் கிரீடம் வைத்து, பசை போட்டு மீசை ஒட்டினார்கள். என் இடது காது கிழிந்த காது. சிறுவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக் கொம்பு கடுக்கனோடு இழுத்துவிட்டது. அந்த மாட்டுக்காரன் பிறகு எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனான், நல்ல மனுஷன். கிரீடத்தின் தொங்கல் காதை மறைத்துவிடும் என்று வாத்தியார் சொன்னார். சரி என்றேன்.

தாலியை எடுக்கப் போனால் சாமான் பெட்டியில் இருந்த அட்டைத் தாலி நசுங்கிக் கிடந்தது. நேற்று ராத்திரி நாடகத்தில் நன்றாகத்தான் இருந்தது. யார் மேலே கதாயுதத்தைத் தூக்கி வைத்தார்களோ. வாத்தியார் கத்தத் தொடங்கினார். அப்போது திரிபுரம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். நடுவில் விரலி மஞ்சள் கட்டியிருந்தது. "இத வச்சு எடுங்க. படத்துல என்ன தெரியவா போகுது" என்றாள். எங்கள் பக்கத்தில் வசதி இல்லாதவர்கள் பொன்னுக்குப் பதில் இப்படித்தான் கட்டுவார்கள். நல்ல வேளை அவளிடம் ஒன்று இருந்தது.

இங்கே கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் தாலி கட்டும்போது இரண்டு முடிச்சுத்தான் போடுவார்கள். மூன்றாவது போடவே மாட்டார்கள். மூன்றாவது விழுந்தால் அது நாடகம் இல்லை, கல்யாணம். படுதா விழுந்தவுடன் கட்டியவரே அவிழ்த்தும் விடவேண்டும். சிங்காரம் இந்த விஷயத்தில் ரொம்பக் கவனம். அவருக்குப் பெண்சாதி பரமக்குடியில் இருக்கிறாள், கோபம் வந்தால் கை நீட்டிவிடுவாள்.

திரிபுரம் மணையில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்று படக்காரர் என்னைப் பக்கவாட்டில் குனிய வைத்தார். ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டாவது போட்டேன். "அப்பிடியே நில்லுங்க. நான் அஞ்சு எண்ணுற வரைக்கும் மூச்சுகூட விடப்படாது" என்று பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஒண்ணு என்றார். அவள் பிடரியில் ஈர முடி ஒட்டியிருந்தது. சீயக்காய் வாசம். ரெண்டு என்றார். ஒரு மஞ்சள் தீற்றல் காதுக்குக் கீழே. ஒரு பக்கம் தேய்த்திருந்தாள், மறு பக்கம் மறந்துவிட்டாள் போல. பிறகு அஞ்சு என்றார்.

நான் அசையவில்லை.

எழுந்ததும் காற்று படுதாவைத் தூக்கிவிட்டது. அதைப் பிடிக்க ஓடினேன். திரும்பி வந்தால் திரிபுரம் உள்ளே போய்விட்டாள். கயிற்றை அவிழ்க்கவில்லை.

தை 7

கயிற்றைக் கேட்கலாமா என்று பார்த்தேன். அது அவள் கயிறுதானே. கேட்கவில்லை.

தை 11

திரிபுரத்துக்கு என் மேல் ஏதோ வருத்தம். என்னவென்று புரியவில்லை.

முன்பெல்லாம் "சோணையண்ணே, சோணையண்ணே" என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். நான் படுதா தைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை கேட்பாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூட இருந்த அத்தையும் போன ஆடியில் போய்விட்டாள். கதை கேட்டால் நேரம் போகும். எருமைக் கதையை எட்டுத் தடவை தொடங்கியிருக்கிறேன். "எந்தக் கதையையும் முடிக்க மாட்டீங்களாண்ணே?" என்று சிரிப்பாள். நான் என்ன செய்வேன். கிணற்றுக்குப் போகிற வழியில் அத்தனை பேர் வருகிறார்கள்.

இப்போது அண்ணே என்பதே இல்லை. பேரும் இல்லை. "இங்க பாருங்க" என்கிறாள். "ஒங்களத்தான்" என்கிறாள். சிங்காரம் அண்ணன்தான், பபூன் அண்ணன்தான், தண்ணீர் ஊற்றுகிறவர்கூட அண்ணன்தான். நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?

இன்று மத்தியானம் வந்தாள். புலி வாலைத் தைக்க உட்கார்ந்திருந்தேன்.

"இங்க பாருங்க. நாளையிலேருந்து தாலி கட்டுற சீனுல, சிங்காரண்ணன் கயித்த என் கழுத்துக்கிட்ட கொண்டு வந்த ஒடனே படுதாவ எறக்கிருங்க."

"கட்டின பெறகுதான எறக்கணும்? சனம் பூப்போடுமே."

"கட்டுறதுக்கு முந்தி எறக்கணும்."

"ஏன்?"

என்னையே பார்த்தாள். "ஏன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று போய்விட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் அரிப்பாக இருக்கலாம். அட்டைத் தாலியில் பூசிய தகரப் பொடி சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. ஏன் இப்போதெல்லாம் மூடின கழுத்து ரவிக்கையே போடுகிறாள் என்பதும் அதனால்தானோ என்னவோ.

தை 12

அவள் சொன்னபடி இறக்கினேன். படுதாக் கட்டை சிங்காரத்தின் கிரீடத்தில் விழுந்தது.

தை 16

படம் வந்துவிட்டது. ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்தார் படக்காரர். எல்லோரும் சுற்றி நின்றோம். திரிபுரத்தின் முகம் அப்படியே விளக்கி வைத்த குத்துவிளக்கு. தர்பார்ப் படுதா நிஜத் தர்பார் போல விழுந்திருந்தது. மகாராஜாவும் பரவாயில்லை.

ஆனால் மகாராஜாவுக்குக் கை இல்லை. தோள் இருக்கிறது, வங்கி நகை இருக்கிறது, முழங்கைக்குக் கீழே வெறும் புகை. திரிபுரத்தின் பிடரியில் வெள்ளையாக ஒரு பனி மாதிரி நிற்கிறது.

"யோவ் ஞானப்பிரகாசம், கை எங்கய்யா?"

"அத இவருகிட்டக் கேளுங்க. அசையாம நில்லுன்னா மரம் மாதிரிதான் நின்னாரு. கை மட்டும் அசைஞ்சிருக்கு. அசைஞ்சது பொகையாத்தான் விழுகும்."

"டேய், அசைச்சியா?"

"இல்லீங்கய்யா. காத்து."

"காத்து மீசைய ஆட்டல, கிரீடத்த ஆட்டல, ஒன் கைய மட்டும் ஆட்டுச்சா?"

அது எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. சில காற்று அப்படித்தான் அடிக்கும். ஒரு தடவை எங்கள் ஊரில் காற்று பக்கத்து வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது, எங்கள் வீட்டில் கோலப்பொடி கலையவில்லை.

வேறு பிளேட்டு கிடையாதாம். முகம் நன்றாக விழுந்திருக்கிறதே, இதையே வைக்கலாம் என்று வாத்தியார் சொன்னார். திரிபுரம் கடைசியாக வந்து பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் புகையையே வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

தை 20

போர்டை வாசலில் வைத்து நாலு நாளாயிற்று. கொட்டகையில் உட்கார இடம் இல்லை. காரணம் திரிபுரத்தின் முகம் இல்லை, மகாராஜாவின் கை. கையில்லாத ராஜா ஒருவர் கண்ணுக்குத் தெரியாத கையால் தாலி கட்டுகிறாராம். யார் கிளப்பியது என்று தெரியாது. சுற்றுப்பட்டில் இருந்தெல்லாம் வண்டி கட்டி வருகிறார்கள். சிங்காரம் இரண்டு கையோடு மேடைக்கு வந்தால், "போலி ராஜா! போலி ராஜா!" என்று சத்தம். பாவம், இப்போது கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு பாடுகிறார்.

வாத்தியார் அந்தப் படத்தையே பிளாக் எடுத்து நோட்டீஸில் அச்சடித்துவிட்டார். கீழே பெரிய எழுத்தில் ராஜபார்ட் சிங்காரம், ஸ்திரீபார்ட் திரிபுரம். என் பெயர் குட்டி எழுத்தில்கூட இல்லை. நல்லதுதான்.

தாலி கட்டுவதற்கு முன்னால் படுதா விழுவதால் சனத்துக்கு இன்னும் ஆவல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கை கட்டிக்கொண்டிருக்கிறது என்று பேச்சு. ஆனால் சிங்காரம் வாத்தியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"நான் தாலிய எடுக்குறதுக்குள்ள இவன் படுதாவ என் மூக்குல எறக்குறான். மூணு நாளா மூக்கு வீங்கிக் கெடக்கு. ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல என் மூக்கு இருக்கணும்."

வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கம்பெனிச் சட்டம் தெரியுமில்ல? இங்க உள்ள ஆணும் பொண்ணும் அண்ணன் தங்கச்சியா இருக்கணும். வேற நெனப்பு இருந்தா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டவேண்டியதுதான். அன்னைக்கு எத்தன முடிச்சுடா போட்ட?"

"ரெண்டுங்கய்யா."

"சத்தியமா?"

"கம்பெனி வழக்கம் ரெண்டுதானுங்களே."

திரிபுரம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். இன்றைக்கு முழுக்க "இங்க பாருங்க" என்றுகூடக் கூப்பிடவில்லை.

தை 21

இரண்டுதான் போட்டேன் என்று நினைக்கிறேன். யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? படக்காரர் ஒருபக்கம் எண்ணுகிறார், நான் ஒருபக்கம் எண்ணினால் கணக்கு ஒன்றோடொன்று கலந்துவிடாதா? அவர் மூணு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்போது என் விரலில் கயிற்றின் நுனி இருந்தது. மஞ்சள் ஈரமாக இருந்தது.

தெருப் படுதா அடிக்கட்டைக்கு வேப்பெண்ணெய் தடவினேன்.

தை 26

புலி வால் இன்னும் தைக்கவில்லை.

மாசி 2

மாமா வந்தார்.

காலையில் கொட்டகைக்குள் காட்டுப் படுதாவை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஊசியில் நூல் கோத்தாயிற்று. "சோணை" என்று குரல். நிமிர்ந்தால் மாமா ஆண்டிச்சாமி. வேட்டியெல்லாம் செம்மண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். எங்கள் நோட்டீஸ். எறும்பு ஊர்ந்தது.

"சந்தையில கருப்பட்டிய இதுல மடிச்சுக் குடுத்தான்டா. வீட்டுல பிரிச்சது ராக்கு. பிரிச்சவ அப்பிடியே நிண்டா. என்ன புள்ளன்னு கேட்டேன். 'அப்பா, இது அத்தான் காது'ன்னா. மொதல்ல சிரிச்சா. அப்புறம் ரெண்டு நாளாச் சோறு திங்கல."

கிரீடத்தின் தொங்கல் காதை மறைக்கவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் கையைத்தானே பார்த்தோம்.

சத்தம் கேட்டு வாத்தியார் வந்தார். பின்னாலேயே மூக்கில் பற்றுப் போட்டுக்கொண்டு சிங்காரம்.

"பெரியவரே, இது நாடகப் படம். தாலி கட்டுறது விஜயகேது மகாராஜா. இவன் இல்ல."

"மகாராஜாவுக்குக் காது எப்பிடிங்க கிழிஞ்சுச்சு?"

வாத்தியார் கொஞ்சம் தடுமாறினார். "கீழ பேரப் பாருங்க. ராஜபார்ட் சிங்காரம்னு கொட்டையாப் போட்டிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. காதுதான் தெரியும்."

"நல்ல வேள, நான் நிக்கல" என்றார் சிங்காரம்.

வாத்தியார் மாமாவுக்குக் கம்பெனி வழக்கத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரண்டு முடிச்சுக்கு மேல் போட மாட்டோம், அதனால் அது தாலியே ஆகாது, வேஷம்தான் என்றார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு விரலை நோட்டீஸில் அந்தப் புகை மேல் வைத்தார்.

"சரிங்க. அப்ப இவன் கை எங்க?"

"அசைஞ்சுருச்சு. அசைஞ்சா அப்பிடித்தான் விழுகுமாம்."

"ரெண்டு முடிச்சுப் போட்ட பெறகுதான அசையாதன்னு சொல்லியிருப்பாக?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு அசைஞ்சுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் காதில் முடி நரைத்துவிட்டது. நான் சின்னப் பிள்ளையில் அதைப் பிடித்து இழுப்பேன்.

"சோணை. ரெண்டுன்னு சொல்லு. இந்தக் காயிதத்த அடுப்புல போட்டுட்டு ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். ஊருல எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். ஒன் வாயால சொல்லு, போதும். ரெண்டா, மூணா?"

"அன்னைக்குப் பெரிய காத்து, மாமா. வைகையில வேற தண்ணி இல்லையா, தர்பார்ப் படுதா என்னாச்சுன்னா..."

"காத்து வேணாம். படுதா வேணாம். ரெண்டா, மூணா?"

நான் அங்கே இங்கே பார்த்தேன். வேறு ஒரு கதையும் வரவில்லை. எனக்கு அப்படி ஆனதே இல்லை. எத்தனையோ பேர் வருவார்களே கிணற்றுக்குப் போகிற வழியில், ஒருத்தரையும் காணோம். மேடையில் தர்பார்ப் படுதா பாதி இறங்கித் தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. மெட்டி இல்லாத கால்கள். படம் எடுக்கிறபோது நிற்பதுபோல அசையாமல் நின்றன. யாரும் எண்ணவில்லை, ஆனாலும் அசையவில்லை.

"மூணு" என்றேன்.

வாத்தியார் "அடப்பாவி" என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

படுதாவை விலக்கிக்கொண்டு திரிபுரம் வந்தாள். மேடையிலிருந்து இறங்கி நேரே மாமாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரவிக்கைக் கழுத்துக்குள் விரலை விட்டுக் கயிற்றை வெளியே எடுத்தாள். மஞ்சள் கிழங்கு காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. கயிற்றை முன்பக்கம் திருப்பி முடிச்சை மாமாவிடம் காட்டினாள்.

மாமாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். விரலால் தடவித் தடவி எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நின்றார். மறுபடியும் தடவினார். "நாலு இருக்கே."

மூன்றாவது நான் போட்டதுதான். அதை இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. படக்காரர் மூணு என்று சொன்னபோது போட்டேன், அவர் நாலு என்று சொன்னபோது இறுக்கினேன். ஆனால் நாலாவது? சத்தியமாக நான் போடவில்லை.

"இது யாரு போட்டது?" என்றார் மாமா.

"நான்தான்" என்றாள் திரிபுரம். "அன்னைக்கு உள்ள போனதும் போட்டேன். இவுக எதையும் பாதியில விட்டுருவாக. அவுந்துட்டா என்ன பண்றது?"

சிங்காரம் மட்டும் சிரித்துவிட்டு, மூக்கு வலிக்கவே நிறுத்திக்கொண்டார்.

வெயில் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வந்து புலியின் முகத்தில் விழுந்தது. திரிபுரம் எழுந்திருக்கவில்லை.

"மாமா" என்றாள். "அந்த எருமை கெணத்துலேருந்து எப்பிடி வெளிய வந்துச்சு?"

மாமா நிமிர்ந்தார். அவள் மாமா என்றதற்கா, எருமை என்றதற்கா, தெரியவில்லை.

"எந்த எருமை?"

"செனை எருமை. இவுக எட்டுத் தடவ ஆரம்பிச்சுட்டாக. அது உள்ளயேதான் கெடக்கு."

"கம்மாய்த் தண்ணியத் திருப்பிக் கெணத்துல விட்டோம்" என்றார் மாமா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "விடிய விடிய விட்டோம். கெணறு நெறைய நெறைய அதுவா நீந்தி மேல வந்துருச்சு. கரைக்கு வந்து நிண்டு மூச்சு விட்டுச்சு."

"கன்னு?"

"நல்லாப் போட்டுச்சு."

அதற்குப் பிறகு எழுந்தார். திரிபுரம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கினார். குடிக்கவில்லை, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். நோட்டீஸை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத எதுக்கு மாமா கொண்டு போறீங்க?" என்றேன்.

"ராக்குகிட்ட நான் என்னத்தடா சொல்ல? எனக்கு ஒன்னய மாதிரிக் கதை வராது. இதக் காட்டி, ஒங்கத்தானுக்குக் கை இல்ல பாரு தாயின்னு சொல்லுவேன். நம்புனா நம்பட்டும்."

வாசல் வரை போனேன். போர்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்று பெரிய படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் ரயிலடிப் பக்கம் போனார். அவர் முதுகு அத்தனை வளைந்திருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

மாசி 3

வாத்தியார் காலையில் கூப்பிட்டார். இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும் என்றுதான் ராத்திரி வரை நினைத்தாராம். வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிறகு, போர்டில் படம் இருக்கிற வரைக்கும் நீங்களும் இருங்கள் என்றார். அது எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தாலி சீன் இனிமேல் படுதாவுக்குப் பின்னால்தான். சிங்காரம் அதற்குச் சம்மதம் என்று கும்பிட்டுச் சொன்னார்.

எனக்கு இன்னமும் சில விஷயங்கள் விளங்கவில்லை. ராத்திரி நன்றாக இருந்த அட்டைத் தாலி காலையில் எப்படி நசுங்கும்? முந்தானையில் விரலி மஞ்சளை முடிந்துகொண்டு யாராவது படம் எடுக்க வருவார்களா? அவளிடம் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். "மொதல்ல அந்த வாலத் தைங்க" என்றாள். ராக்கு சோறு தின்றிருப்பாளா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் சின்னப் பிள்ளையில் என் கிழிந்த காதில் வேப்பங்குச்சி செருகி விளையாடுவாள்.

திரிபுரம் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிணறு வெட்டியவருக்கு இரண்டு பெண்சாதி என்றேனே, அந்தக் கதையைச் சொன்னேன். முடித்தேன்.

படுதா நிலவரம்: தெருப் படுதாவுக்கு அடிக்கட்டை மாற்ற வேண்டும். தர்பார்ப் படுதா நன்றாக இருக்கிறது. காட்டுப் படுதாவில் புலியின் வாலுக்கு மேலே இருந்த கிழிசலைத் தைத்தாயிற்று. நூலுக்கு நாலு முடிச்சுப் போட்டிருக்கிறேன்.